தண்ணீருக்கு மேலே ஓர் ஆணி

ஒழுகவில்லை. அம்சவேணி தரையில் இரண்டு கையையும் ஊன்றி, கன்னம் டைல்ஸில் படும் அளவுக்குக் குனிந்து, மீன்தொட்டி நிற்கும் இரும்பு ஸ்டாண்டின் கால்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு காலைச் சுற்றியும் முந்தாநாள் அவள் போட்டு வைத்த கோலமாவு போட்டது போட்டபடியே இருந்தது. ஊதினால் பறந்தது. ஒரே ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அந்த இடம் கறுத்துக் கட்டியாகியிருக்கும், அதற்காகத்தானே போட்டது. அதுவும் அரிசிமாவு இல்லை, கல்மாவு. அரிசிமாவு என்றால் எறும்பு வந்து சாட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கோலம் போட வாசலென்று ஒன்று இல்லாத இந்த ஃபிளாட்டில் மாவு டப்பாவுக்கு இப்படி ஒரு வேலை வந்ததே என்று சிரிப்பு வந்தது, முட்டி வலித்ததால் பாதியில் நின்றது. ரிடையராகி உட்கார வேண்டிய வயதில் தரையில் தவழ்ந்து, என் தொட்டி நல்ல தொட்டி என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்கிறேன். சாயங்காலம் அசோசியேஷன் செக்ரட்டரி நாகலிங்கம் வருகிறார், கீழ்வீட்டு ரெஜினா வருகிறாள், கொளத்தூர் மீன்கடையிலிருந்து நீல டிரம்மோடு ஓர் ஆள் வருகிறார், இத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு அவள் பெற்ற பிள்ளை செழியன் ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு வருகிறான். தொட்டியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு போக. வரட்டும். வந்து குனிந்து இந்த மாவைப் பார்க்கட்டும். நாகலிங்கத்துக்குத் தொப்பை, குனிய முடியாது. அதற்கு அவள் என்ன செய்ய, டார்ச் அடித்துக் காட்டுவாள்.

எல்லாம் ரெஜினா வீட்டுச் சீலிங்கில் ஆரம்பித்தது. ரெஜினாவின் மகள் படிக்கிற மேஜைக்கு நேர் மேலே ஈரம். முதலில் தோசை அளவு, அப்புறம் முறம் அளவு. சுண்ணாம்பு உரிந்து அந்தப் பெண்ணின் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் விழுந்திருக்கிறது. ரெஜினா சண்டைக்காரியாக இருந்திருந்தால் சௌகரியம், பதிலுக்குச் சண்டை போடலாம். அவள் படியேறி வந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் உங்க மீனுக்கு எதிரி இல்லக்கா. கொஞ்ச நாள் நல்லா காஞ்சு கெடக்கும், அப்பாடான்னு இருப்பேன். திடீர்னு ஒரு நாள் பார்த்தா மறுபடி சொதசொதன்னு நிக்குது" என்றாள். பிளம்பர் வந்து பாத்ரூமையும் சமையலறையையும் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் பைப்பே போகலை என்று சொல்லிவிட்டான். பைப் போகாத இடத்தில் தண்ணீர் இருக்கிறதென்றால் என்ன இருக்கிறது? ஹாலில் சுவரோரமாக அம்சவேணியின் தொட்டி இருக்கிறது. நாகலிங்கம் ஸ்கூட்டர் சாவியால் கண்ணாடியைத் தட்டி, "இவ்ளோ தண்ணிய வீட்டுக்குள்ள வெச்சா அது எறங்காம என்ன பண்ணும், சிஸ்டரம்மா?" என்றார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் என்பதால் கட்டடம் முழுக்க அவள் சிஸ்டரம்மாதான். சாவி பட்ட சத்தத்தில் மேட்ரன் அடித்துப்பிடித்து மூலைக்கு ஓடியது. மேட்ரன் என்பது கண் இரண்டும் வெளியே பிதுங்கிய கறுப்புத் தங்கமீன். வார்டைச் சுற்றி வருகிற தோரணையில் தொட்டியைச் சுற்றி வரும், மற்ற மீன்கள் ஒதுங்கி வழிவிடும். கண்ணாடியைத் தட்டாதீங்க சார் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் செழியன், "எடுத்துடறோம் சார்" என்றான். ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்ததா என்றால் உடனே வரவில்லை, மறுநாள் வெங்காயம் நறுக்கும்போது வந்தது.

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொட்டி ஒழுகுகிறதென்றால் எங்கே ஒழுக வேண்டும்? கண்ணாடியும் கண்ணாடியும் சேருகிற சிலிக்கான் ஒட்டில். டிஷ்யூ பேப்பரை மடித்து மூலைக்கு மூலை மேலிருந்து கீழே அழுத்தி இழுத்தாயிற்று, காய்ந்தபடிதான் வந்தது. ஒட்டு எங்காவது வெளுத்துக் கிளம்பியிருக்கிறதா என்று, தையல் போட்ட இடத்தைத் தடவுகிற மாதிரி நகத்தால் தடவிப் பார்த்தாயிற்று. கெட்டியாக, ரப்பராக இருந்தது. அடிக்கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கலாம். கண்ணாடிக்கும் கீழே இருக்கும் தெர்மகோலுக்கும் நடுவில் டிஷ்யூவை நுழைக்க ஏதாவது தகடாக வேண்டும் என்று தேடினபோது பரணில் கிடைத்தது அவருடைய மார்பு எக்ஸ்ரே. குலசேகரனின் நெஞ்சுக்கூடு. அவள் புருஷன், ரிஜிஸ்டிரார் ஆபீசில் ஹெட்கிளார்க், போய்ச் சேர்ந்து ஒரு திவசம் முடிந்துவிட்டது. விலா எலும்புகளின் மேல் டிஷ்யூவைச் சுற்றித் தொட்டிக்கு அடியில் தள்ளினபோது ஒரு நிமிஷம் கை நின்றது. என்ன செய்ய, சும்மாதானே கிடந்தது. உள்ளே போய் வெளியே வந்த எக்ஸ்ரேயும் உலர்ந்துதான் வந்தது. தண்ணீர் மட்டத்துக்கு அடையாளமாக ஒட்டின பிளாஸ்டரை இன்று காலையில் பார்த்தால் தண்ணீர் ஒரு நூல்தான் இறங்கியிருந்தது. வெயிலுக்கு அதுகூடக் குறையாவிட்டால் அது தண்ணீரா என்ன? அப்படியென்றால் ரெஜினா வீட்டுச் சீலிங் பொய்யா? பொய் இல்லை. அவளே போய்ப் பார்த்தாள், விரலை வைத்தாள், விரல் நனைந்தது. ஆனால் இங்கே மாவு காய்ந்திருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நூல் சிக்கின மாதிரி நின்றுவிடுகிறது, இழுக்க இழுக்க முடிச்சு இறுகுகிறது. சுவரைப் பார்த்தாள். தொட்டிக்கு நேர் மேலே குலசேகரன் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் சந்தன மாலை, சின்ன சிவப்பு பல்ப். ஆபீசுக்குத் தாமதமாக வந்தவனைப் பார்க்கிற பார்வை. அந்தப் படம் தொங்குகிற ஆணி அவள் அடித்தது. தொட்டி வாங்கின வாரம், இரண்டு ஆணி வளைந்து மூன்றாவது இறங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து, என்னம்மா வீட்ல ஆம்பளை இல்லையா என்று கேட்டார். இருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஃபேன் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, இன்று கரண்ட் எடுப்பார்கள் என்று நேற்றே குறுஞ்செய்தி வந்திருந்தது. காலையில் எடுக்கவில்லையே, மறந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டுச் சாப்பிட்டு உட்காருகிற நேரம் பார்த்து எடுத்துவிட்டார்கள். ஃபேனுக்குப் பின்னால் சிவப்பு பல்ப் போயிற்று, அதற்கும் பின்னால், ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருக்கும் ஏர் பம்பு ஒரு தடவை செருமிவிட்டு நின்றது. கொஞ்ச நாளாகவே அதற்குச் சளி பிடித்த மாதிரி ஒரு செருமல். தொட்டிக்குள் குமிழி நின்றது. இன்வெர்ட்டர் இருக்கிறது, லைன் செழியன் அறைக்கு மட்டும்; அவன் லேப்டாப் வேலைக்காரன், நியாயம்தான், ஹாலில் ஒரு கிழவியும் நாலைந்து மீனும் வேர்த்தால் என்ன. குமிழி நின்ற வீடு வேறு வீடாகிவிடுகிறது. கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு சத்தம் நின்ற பிறகுதான் இத்தனை நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று காதுக்குத் தெரிகிறது. குலசேகரனுக்கு அந்தச் சத்தம் ஆகாது. தொட்டியே ஆகாது, தண்ணிப்பொட்டி என்பார். பம்பு சுவரில் அதிரும், "செவுரே பொலம்புதுடி, நிறுத்தேன்" என்பார், அவள் நிறுத்தமாட்டாள். மற்றதெல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. பெண் பார்த்தது, வேலைக்கு விட்டது, டிரான்ஸ்ஃபர் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கச் சொன்னது, செழியனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், கல்யாணத்துக்கு என்ன புடவை, எல்லாம். நல்ல மனிதர், கை நீட்டினதில்லை, குடித்ததில்லை, கேட்டதுமில்லை. தொட்டி ஒன்றில்தான் அவள் பிடித்த பிடியில் நின்றாள். ரிடையரான மாதம், தானே ஆட்டோ வைத்துக்கொண்டு கொளத்தூர் போய், தானே வாங்கி, தானே ஆணி அடித்து. படுக்கையில் விழுந்த பிறகு அவர் இதே ஹாலில், இதே தொட்டியைப் பார்த்தபடிதான் கிடந்தார். ஒரு நாள், "சத்தம் கொறைஞ்சிருக்கே" என்றார். இன்னொரு நாள், அதற்குப் பிறகு பேச்சு அதிகம் இல்லை, "ஓடுதா?" என்று கேட்டார். எது என்று கேட்காமலே அவளுக்குப் புரிந்தது. ஓடுதுங்க என்றாள். காது அடைத்துவிட்டது அவருக்கு. சத்தத்தை நிறுத்து நிறுத்து என்ற மனிதர், கேட்காமல் போனதும் ஓடுதா என்று கேட்டார். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் செழியன் அதையும் ஒரு ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவான்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எவர்சில்வர் டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள், காற்று கலக்கட்டும். மொள்ளுவது ஊற்றுவது, மொள்ளுவது ஊற்றுவது. தொட்டியை எப்போதும் விளிம்பு வரை நிறைத்து வைப்பாள், அரைத் தொட்டித் தண்ணீரில் மீன் நீந்துவது அவளுக்குப் பிடிக்காது. கை வலித்தது. செழியன் சொல்வான், இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், ஹாயா டிவி பாரு. அவன் கெட்டவன் இல்லை. அப்பா படத்துக்கு இடம் பார்த்ததிலிருந்து தொட்டி அவன் கண்ணை உறுத்துகிறது, படத்துக்குக் கீழே விளக்கு வைக்கிற மாதிரி ஒரு மர ஷெல்ஃப் போட வேண்டும் என்று மருமகள் போனில் படம்கூடக் காட்டினாள். ரெஜினாவின் சீலிங் அவர்களுக்குக் கிடைத்த சாக்கு. சாக்கு என்றாலும் சீலிங் நனைகிறதே? எதிர்வீட்டுச் சுவர்க்கடிகாரம் இந்த அமைதியில் இங்கே கேட்டது. ஒருவேளை ஒழுகினால். ஒருவேளை எங்கோ அவளுக்குத் தெரியாத இடத்தில் நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தால். இத்தனை வருஷம் வார்டில் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே முகத்தைப் பார்த்துச் சொன்னவள், சொந்த வீட்டில் சொந்தத் தொட்டியில் தெரியாமல் போய்விட்டால், பிறகு அவள் என்னதான்? ஹாலில் ஒரு நாற்காலி. மேலே படம், கீழே நாற்காலி, நாற்காலியில் படத்தின் மனைவி. வருகிறவர்கள் படத்தைக் கும்பிட்டுவிட்டு அவளை விசாரிப்பார்கள். பயமாக இருந்தது. டம்ளரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டாள், மேட்ரன் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. போடீ, நீயும் பார்க்கிறாயா.

டம்ளரை எடுக்கக் குனிந்தபோது சேலைத் தலைப்பு சரிந்தது, அதை ஒதுக்கப் பார்வை கீழே போனது. சுவரை ஒட்டின பின்னங்காலில், வெள்ளை மாவில், ஒரு கறுப்புப் புள்ளி. சிந்தினதோ? டம்ளர் தண்ணீர் முன்பக்கம்தானே சிந்தியது. டார்ச்சை எடுத்தாள். டார்ச் வெளிச்சத்தில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி நாணயமாகப் பெரிதாயிற்று, மாவு கட்டியது, கட்டின மாவைத் தாண்டி ஈரம் டைல்ஸும் சுவரும் சேருகிற இடுக்குக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது. அங்கேயிருந்து எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை, கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குப் போகும். ஒழுகுகிறது. அப்படியென்றால் ஒழுகுகிறது. நாகலிங்கம் சொன்னது சரி. பிளம்பர் சரி, செழியன் சரி, மருமகள் காட்டின ஷெல்ஃப் சரி. மாவு டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஈர மாவைத் துடைத்து, துணியால் ஒற்றி, புதுசாக ஒரு கை மாவைத் தூவினால் யாருக்குத் தெரியும்? அவர்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது. கை டப்பாவுக்குப் போனது. போன கை நின்றது. வார்டில் டெம்பரேச்சர் எடுக்காமல் சார்ட்டில் எழுதுகிற நர்ஸுகள் உண்டு, அவள் எழுதினதில்லை. எழுதினவளைப் பார்த்து, அந்தச் சார்ட்டை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுவார், ஞாபகம் இருக்கட்டும் என்று வார்டு கேட்கக் கத்தியிருக்கிறாள். இப்போது மட்டும் என்ன. ஈரம் என்றால் ஈரம். ஆனால் எங்கேயிருந்து என்று பார்க்காமல் தொட்டி மேல் பழி போட விடமாட்டாள். ரத்தம் வருகிற இடத்தைப் பார்க்காமல் காலை வெட்டுகிற டாக்டரும் உண்டா?

ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டாள். கீழேயிருந்து மேலே போக வேண்டும், ஈரம் எங்கே முடிகிறதோ அங்கேதான் ஆரம்பம். கால் ஈரம். காலின் மேல்பகுதி ஈரம். கீழ்த்தட்டு, நனைந்திருக்கிறது. அதற்கு மேலே கை வைத்தால் காய்ந்த இரும்பு. இன்னும் மேலே, தெர்மகோல் காய்ந்தது, ஒட்டு காய்ந்தது, கண்ணாடி காய்ந்தது. தொட்டி காய்ந்திருக்கிறது, தொட்டிக்குக் கீழே இருக்கிற தட்டு நனைந்திருக்கிறது. தட்டில் என்ன? பழைய துணி, மீன் தீனி டப்பா, ஏர் பம்பு. பம்பைத் தொட்டாள், விரலில் தண்ணீர். பம்பின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, கொஞ்சம் யோசித்து இன்னொன்று. பம்புக்குள் ஏது தண்ணீர், அது காற்று ஊதுகிற சாமான். டார்ச்சை மேலே திருப்பினாள். பம்பிலிருந்து கிளம்பித் தொட்டி விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குகிற அந்த மெல்லிய டியூப், எப்போதும் காற்று ஓடிக்கொண்டிருக்கும் டியூப், முழுக்கத் தண்ணீராக நின்றது. குமிழி இல்லை. அசைவில்லை. பார்த்ததும் அவளுக்கு வார்டு வாசனையே வந்துவிட்டது. டிரிப் பாட்டிலை எந்தப் புத்தி கெட்டதாவது கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விடும், பாட்டில் கையைவிடத் தாழ்ந்ததும் டியூபில் ரத்தம் சிவப்பாகத் திரும்பி ஏறும். எத்தனை அட்டெண்டர்களை அதற்காகத் திட்டியிருக்கிறாள், பாட்டிலைத் தூக்கிப் பிடி, தலைக்கு மேல தூக்கு. தூக்கினாள். பம்பைத் தட்டிலிருந்து எடுத்து, டியூபோடு, தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். டியூபில் நின்ற தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு, சரசரவென்று தொட்டிக்குள் திரும்பி ஓடியது. கடைசியில் உள்ளேயிருந்து ஒற்றைக் குமிழி. கரண்ட் இருக்கும்வரை பம்பு ஊதும், தண்ணீர் ஏறாது. கரண்ட் போனால் ஊத ஆளில்லை, தண்ணீர் விளிம்பேறிக் கீழே வரும். மாவு இந்த இரண்டு நாளும் ஏன் காய்ந்திருந்தது? கரண்ட் போகவில்லை. ரெஜினாவின் சீலிங் ஏன் கொஞ்ச நாள் காய்ந்து திடீரென்று நனைந்தது? அடக் கடவுளே, கரண்ட் போகிற அன்றைக்கெல்லாம் நனைந்திருக்கிறது. சிரித்தாள், சத்தமாகவே சிரித்தாள், கையில் பம்பைத் தூக்கிப் பிடித்தபடி. கை இறக்க முடியவில்லையே, இறக்கினால் தண்ணீர் வந்துவிடும். இதைத் தண்ணீருக்கு மேலே எங்கேயாவது மாட்ட வேண்டும். நிமிர்ந்தாள். குலசேகரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆணி. எதற்கு அடித்தாள் என்று நினைப்பு இத்தனை நேரமும் அங்கே போய் முட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இதற்குத்தான் அடித்தாள். கொளத்தூர்க்காரர் சொல்லி அனுப்பினார், பம்பு எப்பவும் தண்ணிக்கு மேல இருக்கணும்மா, மறந்துடாதீங்க. அதனால்தான் ஆணி. அதனால்தான் சுவர் புலம்பியது. பிறகு அவருக்கு முடியாமல் போய், கட்டிலை ஹாலில் போட்டு, டிரிப் ஏற்ற உயரமாக ஓர் இடம் வேண்டியிருந்தது. "செழியா, அந்தப் பம்பைக் கழட்டி எங்கயாவது வைடா" என்று அவளேதான் சொன்னாள். அவன் கீழ்த்தட்டில் வைத்தான். பாட்டில் மேலே போயிற்று, பம்பு கீழே வந்தது. பாட்டில் உயரமாக இருக்க வேண்டும் என்று தெரிந்த கைக்குப் பம்பு தாழ்ந்தது தெரியவில்லை. எப்படித் தெரியும், அவள் அப்போது பம்பையா பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தம் கொறைஞ்சிருக்கே." குறையும்தான், பம்பு சுவரைவிட்டு இறங்கிவிட்டதே. அப்புறம் ஒரு காலையில் பாட்டிலுக்கு வேலையில்லாமல் போயிற்று, காரியத்துக்குள் செழியன் படத்தைப் பெரிது பண்ணி ஃபிரேம் போட்டு வந்து, மாட்ட இடம் தேடினான், ஆணி காலியாக இருந்தது. மாட்டினான். அந்த ஆணி யாருடையது என்று யார் கேட்டார்கள்? அவளும் கேட்கவில்லை. தாலியைக் கழற்றின வாரத்தில் எவள் போய் ஆணியைக் கேட்பாள்? அன்றைக்குக் கேட்கவில்லை, சரி. இன்றைக்குக் கேட்கிறேன். பம்பைத் தொட்டி மூடியின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படத்தை நேராகப் பார்த்தாள். என்னங்க, நீங்க இறங்கணும். உங்க மேல ஒரு குறையும் இல்லை. நீங்க போனப்ப நான் அழுதேன், இப்பவும் உங்க சட்டையை யாருக்கும் கொடுக்கலை. ஆனா இந்த வீட்டுல எல்லாச் செவுரும் நீங்க சொன்ன கலர், எல்லாக் கதவும் நீங்க சொன்ன பக்கம் திறக்குது. ஓர் ஆணி நான் அடிச்சேன். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கையில்லை. வந்தது வரட்டும், அது எந்தச் சீலிங்குக்கும் போகாது. பம்பை மூடியின் மேலேயே விட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். முட்டி முனகியது. படம் அவள் நினைத்ததைவிட கனம், நெஞ்சோடு அணைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. படத்துக்குப் பின்னால் சுவர் மட்டும் பழைய நிறத்தில் சுத்தமாக இருந்தது, அதில் பம்பு அதிர்ந்து அதிர்ந்து தேய்த்த வட்டத் தழும்பு அப்படியே இருந்தது. குலசேகரனைத் தன் கட்டிலில் தலையணை மேல் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். பம்பைத் துணியால் துடைத்து, உதறி, உள்ளிருந்த தண்ணீரையெல்லாம் சொட்டவிட்டு, ஆணியில் மாட்டினாள். சரியாக அந்தத் தழும்பின் மேல் போய் உட்கார்ந்தது.

அவர்கள் வந்தபோது கரண்ட் இன்னும் வரவில்லை. மாடிப்படியேறின மூச்சிரைப்பு முதலில் வந்தது, பின்னால் நாகலிங்கம் வந்தார். ரெஜினா வாசலிலேயே செருப்பை விட்டாள். டிரம் கதவில் இடித்தது. செழியன் தொட்டியைப் பார்க்கவில்லை, தரையில் மாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான்.

"அம்மா, அப்பா எங்கம்மா?"

"என் கட்டில்ல இருக்கார். நீ குனிஞ்சு இதப் பாரு" என்று அம்சவேணி டார்ச்சை அவன் கையில் திணித்தாள். "ரெஜினா, நீயும் பாரும்மா. தண்ணி என் வீட்டுத் தண்ணிதான். இந்தா, கறுத்திருக்கு பாரு, இந்த இடுக்குலதான் எறங்கி உன் வீட்டுக்கு வந்திருக்கு. நான் இல்லைன்னு சொன்னதெல்லாம் தப்பு. உன் சீலிங்கை நான் பூசிக் கொடுக்கறேன். ஆனா தொட்டி ஒழுகலை. தொட்டியில ஒரு குத்தமும் இல்லை." கரண்ட் போனால் என்ன ஆகும் என்று, பம்பை ஆணியிலிருந்து எடுத்துத் தாழ்த்தி, டியூபை வாயால் ஒரு இழு இழுத்துவிட்டு, தண்ணீர் ஏறுவதைக் காட்டினாள்; தூக்கி மாட்டி, திரும்பி ஓடுவதைக் காட்டினாள். ரெஜினா வாயில் கை வைத்துக்கொண்டு, "அட, கரண்ட் போற அன்னிக்கா!" என்றாள். நாகலிங்கம் குனியப் பார்த்து, முடியாமல், குனிந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

கடைக்காரர் டிரம்மைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்கு ஒரு சின்ன வால்வு இருக்கும்மா. டியூப் நடுவுல போட்டுட்டா தண்ணி திரும்பாது. பம்ப எங்க வேணா வெச்சுக்கலாம்."

செழியன் முகம் மலர்ந்தது. "அவ்ளோதானாம்மா? நாளைக்கே வாங்கிட்டு வரேன். தொட்டி இருக்கட்டும். நான் எதுவும் சொல்லலை. பம்பைக் கீழ வெச்சுடலாம், அப்பா படத்தை..." என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை நோக்கி நகர்ந்தான்.

அம்சவேணி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"வால்வு வாங்கிட்டு வா. அதையும் போடலாம், நல்லதுதான். ஆணி பம்புக்கு."

"அம்மா, அது அப்பாம்மா."

"தெரியும்டா. பாட்டில் மாத்தினவ நான்தான்." குரல் கொஞ்சம் உடைந்தது, அதற்காக அவள் நிறுத்தவில்லை. "உங்கப்பாவை உன் ரூம்ல மாட்டு. அங்க கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும்."

ரெஜினா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஃபேன் அசைந்தது. படமில்லாத சுவரில் சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. பம்பு இரண்டு தடவை செருமியது, செருமி, உள்ளே மிச்சமிருந்ததைத் துப்பிவிட்டு ஓட ஆரம்பித்தது. சுவர் முழுக்க அதிர்ந்தது. தொட்டிக்குள் குமிழி கிளம்பியது, மேட்ரன் ரவுண்டுக்குப் புறப்பட்டது.

செழியன் காதைத் தேய்த்துக்கொண்டான். "இவ்ளோ சத்தமாவாம்மா இருக்கும்? ரூம் வரைக்கும் கேக்குமே."

"கேக்கட்டும்" என்றாள் அம்சவேணி.